தேயாத டயர்

3 பிப்ரவரி 2025, திங்கள். அல்லிநகரம், தேனி.

பிலோமினாவிடம் சொல்ல வேண்டியவை. வரிசைப்படுத்திக்கொண்டால் தைரியம் வரும் என்று ஒரு நம்பிக்கை.

1. மலிவு டயரின் ரப்பர் இறுகலானது. ஊர்ச் சாலையில் நெடுநாள் உழைக்கும். பந்தயத் தடத்தில் தரையைப் பிடிக்காது.
2. அதன் பக்கச் சுவர் மெலிது. வேகமாகத் திருப்பினால் மடங்கும்.
3. சூடு தாங்காது. சில சுற்றுகளில் வழுக்கத் தொடங்கும். அதற்கும் மேல் போனால் துண்டு துண்டாகப் பெயரும்.
4. பிரேக் போட்டால் நிற்கும். நாம் நினைத்த இடத்தில் அல்ல.
5. மிக்கேல் கடைச் சரக்கு எந்த வருடத்தது என்று பார்க்க வேண்டும்.
6. இதில் எதைச் சொன்னாலும் பிலோமினா கேட்கமாட்டாள்.

ஆறாவதை முதலில் போட்டிருந்தால் மற்ற ஐந்தையும் எழுதும் வேலை மிச்சமாகியிருக்கும்.

விஷயம் இதுதான். கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் மகள் பெனிஷா, அம்மாவின் அறுபத்து நாலாம் பிறந்தநாளுக்குப் புடவை வாங்கித் தரவில்லை. அந்தப் பக்கம் கார்ப் பந்தயத்துக்கென்றே போட்ட தடம் இருக்கிறது. பந்தயம் இல்லாத நாட்களில் பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரை அதில் ஓட்டலாம். போட்டி இல்லை, பரிசு இல்லை, வேகம் மட்டும்தான். ‘டிராக் டே’ என்கிறார்கள். 22ஆம் தேதிக்குப் பெயர் பதிந்துவிட்டாள். ஒரு காருக்கு இரண்டு பேர் ஓட்டலாமாம். இரண்டாவது ஆளாக என் பெயரைப் போட்டிருந்தாள். அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது மகளுக்கு மறந்துபோயிருக்கிறது. பிலோமினாவின் தம்பி மிக்கேல் என் இடத்தைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டான்.

“இந்த வயசுல எதுக்கு?” என்று கேட்டேன். அவ்வளவு தைரியம் எனக்கு உண்டு.

“தேனிக்கும் கம்பத்துக்கும் நடுவுல எப்பப் பாத்தாலும் முன்னாடி ஒரு வாழைத்தார் லாரி. அது விலகுனா ஒரு ஜீப்பு. ஒரு நாளாச்சும் முன்னால யாருமே இல்லாம ஓட்டணும்ங்க.”

தலைமையாசிரியையாக ஓய்வு பெற்ற அடுத்த மாதமே கார் பழகியவள். இத்தனை வருடமாக அவளுக்கு முன்னால் யாராவது இருந்துகொண்டே இருந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

தடத்துக்காரர்கள் டயரில் போதிய பள்ளம் இருக்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் கார் டயர்கள் என் தலை மாதிரி ஆகிவிட்டன. புதிது வாங்க வேண்டும். அதாவது, மிக்கேல் கடையில்.

5 பிப்ரவரி, புதன்

குளியலறைக் கண்ணாடி முன் நின்று ஐந்து குறிப்புகளையும் சொல்லிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. மேஜைக்கு வந்து உட்கார்ந்ததும், “சட்னி நல்லா இருக்கு” என்றேன்.

“இன்னிக்குச் சட்னியே வைக்கலையே. அது நேத்துச் சாம்பாரு” என்றாள்.

8 பிப்ரவரி, சனி

கம்பம் போய் வந்தோம். குமுளி சாலையில் மிக்கேலின் டயர் கடை. எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளும் வாழைத்தார் ஏற்றும் மினி லாரிகளும்தான் வாடிக்கை. அவர்கள் ஒரு டயரைப் பற்றிச் சொல்லக்கூடிய உச்சபட்சப் பாராட்டு ‘தேயாது’ என்பது. பெண் பார்க்கப் போன இடத்தில் ‘அதிர்ந்து பேசமாட்டா’ என்பார்களே, அந்தத் தொனியில் சொல்வார்கள்.

“வாங்க மச்சான். அக்கா, இங்கன உக்காரு. ஒனக்குன்னே எடுத்து வச்சிருக்கேன்.”

பாயும் சிறுத்தைப் படம் போட்ட டயர். எந்த நாட்டுச் சிறுத்தை என்று கடைசிவரை தெரியவில்லை. மிக்கேல் விரல் முட்டியால் தட்டினான். கதவைத் தட்டும் சத்தம் வந்தது.

“கல்லு மாதிரி இருக்கு பாத்தீகளா? எஸ்டேட் ரோட்டுல ஓட்டுனா ஆளு தேஞ்சிருவான், டயரு தேயாது.”

கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தேன். நகம்தான் வளைந்தது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு, தயாரித்த வாரம். அடுத்த இரண்டு, வருடம். குனிந்து தேடினேன். 1419. பிறந்தது 2019இல்.

“மிக்கேல், இதுக்கு ஆறு வயசு ஆகப்போகுது...”

“ஆமா மச்சான். நாளாக ஆக நல்லா இறுகும். தேக்கு மாதிரி.”

“அதில்ல. ரப்பர்ல என்ன ஆகும்னா...”

பிலோமினா சிரித்தாள். “இவுக எப்பவும் இப்படித்தான்டா. மாத்திரை வாங்குனாலும் தேதி பாப்பாக.”

“மாத்திரைக்குப் பாக்கலாம்க்கா. டயர முழுங்கவா போறோம்?”

கடையில் இருந்த ஜீப்புக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் ஏன் சிரித்தேன்? முப்பது வருடம் கல்லூரியில் வேதியியல் சொல்லிக் கொடுத்தவன். ரப்பர் எப்படி இறுகுகிறது என்று கரும்பலகை நிறைய எழுதிக்காட்டியவன். இரண்டாம் பெஞ்சுக்கு அப்பால் என் குரல் போனதில்லை என்பது வேறு விஷயம். அந்தக் கடையில் முதல் பெஞ்சிலேயே மிக்கேல் உட்கார்ந்திருந்தான், அவனுக்கும் கேட்கவில்லை.

ரப்பர் சாலையோடு ஒட்டுவது தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துத்தான். பிடிக்கிற டயர் தேயும். தேயாத டயர் பிடிக்காது. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருக்கலாம். வீடு வந்து சேர்ந்த பிறகுதான் வாக்கியம் வந்தது.

நான்கு சக்கரத்திலும் சிறுத்தை ஏறிவிட்டது. இருந்தும் திரும்பும் வழியில் சுற்றி வளைத்துக் கேட்டேன்: “தேனியிலயும் நல்ல கடையெல்லாம் வந்திருக்கு போல?”

“தம்பி கடை இருக்கையில வெளிய வாங்குனா, நாளைக்குப் பொறந்த ஊரு ராயப்பன்பட்டிப் பக்கம் தலைகாட்ட முடியுமா?”

மிக்கேல் ஒரு பெட்டி பன்னீர்த் திராட்சை கொடுத்தனுப்பியிருக்கிறான். நன்றாக இருக்கிறது. அந்தக் கடையிலிருந்து வந்தவற்றில் இந்த வருடத்தது அது ஒன்றுதான்.

9 பிப்ரவரி, ஞாயிறு

சொல்லவில்லை.

12 பிப்ரவரி, புதன்

வீரபாண்டி தாண்டி ஒரு நாய் குறுக்கே வந்தது. பிலோமினா பிரேக் போட்டாள். கார் வழக்கத்தைவிடத் தள்ளிப்போய் நின்றது. நாய் பிழைத்தது. அது நாயின் கெட்டிக்காரத்தனம்.

“புது டயரு. கொஞ்சம் பழகணும்” என்றாள்.

நான்காம் குறிப்பைச் சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. வாயைத் திறந்தேன். “நாய் நல்லா இருக்குல்ல?” என்று கேட்டேன்.

16 பிப்ரவரி, ஞாயிறு

பூசை முடிந்ததும் காரை மந்திரிக்கச் சொல்லி ஃபாதரைக் கூப்பிட்டார்கள். அவர் தீர்த்தம் தெளிப்பதற்கு முன்பே மிக்கேல் நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டான். ஃபாதர் பார்த்தார். “எல்லாப் பக்கமும் பாதுகாப்பு இருக்கட்டுமே ஃபாதர்” என்றான்.

ஃபாதர் செபித்து முடித்து, “பாத்து, மெதுவா ஓட்டிட்டு வாங்கம்மா” என்றார்.

“மெதுவா ஓட்டவா ஃபாதர் அம்புட்டுத் தூரம் போறேன்?” என்றாள்.

எலுமிச்சம்பழத்தில் ஒன்று நசுங்காமல் டயருக்கு அடியிலிருந்து பிதுங்கி ஓடியது. ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். என்னிடமும் ஒன்று இருந்தது. யாரும் கேட்கவில்லை.

18 பிப்ரவரி, செவ்வாய்

ஒருவேளை நான்தான் மிகைப்படுத்துகிறேனோ? எல்லாம் இணையத்தில் படித்தது. எழுதியவர்கள் விலையுயர்ந்த டயர் விற்கிறவர்களாக இருந்தால்? மிக்கேலுக்கு இருபத்தைந்து வருட அனுபவம். எனக்கு ஒரு கட்டைவிரல் நகம்.

ஆனால் அவனுடைய இருபத்தைந்து வருடமும் எஸ்டேட் ஜீப்புகளோடு. மலைப்பாதையில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டிக்குத் தேயாத டயர் நல்லதுதான். அதே நல்லது பந்தயத் தடத்தில் கெட்டது. இதை யாரிடம் சொல்வது? உன்னிடம் சொல்கிறேன், நோட்டே. நீயும் கார் ஓட்டுவதில்லை.

21 பிப்ரவரி, வெள்ளி. கோயம்புத்தூர்.

பெனிஷா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். புறப்படும் முன் மிக்கேல் நான்கு டயருக்கும் காற்று ஏற்றினான், வாழைத்தார் லோடு ஏற்றும் வண்டிக்கு ஏற்றுகிற அளவுக்கு. “வேகமாப் போற வண்டிக்குக் காத்து கின்னுனு இருக்கணும் மச்சான்.” வழியெல்லாம் ஒவ்வொரு கல்லையும் என் முதுகெலும்பு எண்ணிக்கொண்டு வந்தது.

மாலையில் பெனிஷாவைத் தனியாகப் பிடித்து ஐந்து குறிப்புகளையும் சொன்னேன். கவனமாகக் கேட்டாள்.

“அப்பா, இத அம்மாகிட்ட நேராச் சொல்லுங்களேன்.”

“நீ சொன்னா கேப்பா.”

“நீங்க சொல்லிப் பாத்தீங்களா?”

சமையலறையில் யாரோ கூப்பிட்டதுபோல் இருந்தது. போய்விட்டேன். யாரும் கூப்பிடவில்லை.

22 பிப்ரவரி, சனி

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

தடம் என்பது கறுப்பு நாடா போல வளைந்து வளைந்து கிடக்கும் ஒரு சாலை. எங்கிருந்தும் எங்கும் போவதில்லை. வளைவுகளின் ஓரத்தில் பழைய டயர்களை அடுக்கிச் சுவர் கட்டியிருக்கிறார்கள். ஓவியா என்ற இளம்பெண்தான் பயிற்சியாளர். கார்களைச் சோதித்து அனுப்புவதும் அவள்தான். முதலில் காற்றை அளந்தாள்.

“யாருங்க இவ்வளவு காத்து வச்சது?”

“நாந்தேன்” என்றான் மிக்கேல், பாராட்டை எதிர்பார்த்து.

“ஓடுனா சூட்டுல இன்னும் ஏறுமுங்க.” உஸ்ஸென்று இறக்கினாள். தன் நெஞ்சிலிருந்து மூச்சை இறக்குவதுபோல் மிக்கேல் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் பள்ளத்தை அளந்தாள். “பள்ளம் இருக்குதுங்க. விதிப்படி சரி.”

விதி பள்ளத்தைக் கேட்கிறது. வயதைக் கேட்கவில்லை.

ஹெல்மெட் தலையில் இறங்கவில்லை. பிலோமினா கொண்டையை அவிழ்த்து, முடியைப் பின்னிக்கொண்டு மாட்டினாள். உடுத்தியிருந்தது பெனிஷாவின் சுடிதார். முகத்தில் கண்கள் மட்டும் தெரிந்தன. ஆய்வாளர் வரும் நாளில் பள்ளி வாசலில் நிற்பாளே, அந்தக் கண்கள்.

போனாள். நான் செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு எந்த மணியில் இருக்கிறேன் என்று தெரியாமல் நின்றேன். ஒவ்வொரு சுற்றிலும் டயர்கள் கிறீச்சிட்டன. ஒவ்வொரு சுற்றிலும் சத்தம் கூடிற்று. திரும்பி வந்து இறங்கியபோது முகம் ஜொலித்தது.

“முன்னால ஒருத்தர்கூட இல்லங்க! ஒரு லாரி இல்ல, ஒரு ஆடு இல்ல!” பிறகு, சாதாரணமாக, “கடைசி ரெண்டு சுத்து வளைவுல மட்டும் எண்ணெய்ச்சட்டியில வடை மாதிரி நழுவுச்சு” என்றாள்.

“புது டயருக்கு மேல ஒரு மெழுகு இருக்கும்க்கா. அது போகணும்” என்றான் மிக்கேல். சொல்லிவிட்டு வாளித் தண்ணீரைச் சக்கரங்கள் மேல் ஊற்றினான். குமுளி மலை இறங்கிய ஜீப்புக்குச் செய்கிற வைத்தியம். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. ஓவியா ஓடி வந்தாள்.

“ஐயோ, யாருங்க தண்ணி ஊத்துனது? பிரேக் டிஸ்க் கோணிக்குமுங்க!”

“எங்க ஊர்ல எல்லாரும் ஊத்துவாக.”

“உங்க ஊர்ல டிராக் இருக்குதுங்களா?”

“எங்க ஊரே டிராக்குதேன்” என்றான்.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கையில் முன் சக்கரத்தின் ஓரத்தைப் பார்த்தேன். பலாக்கொட்டை அளவுக்கு ஒரு துண்டு ரப்பர் பாதி பெயர்ந்து தொங்கியது. தொட்டதும் கையோடு வந்தது. வெந்நீர் போல் சுட்டது. மூன்றாம் குறிப்பு என் உள்ளங்கையில் இருந்தது.

நிமிர்ந்தேன். பிலோமினா மறுபடி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு காரில் ஏறிவிட்டிருந்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி அருகே போய்ச் சொன்னேன். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து “என்ன?” என்றாள். மறுபடி சொன்னேன். மறுபடி “என்ன?” மற்ற கார்கள் நகரத் தொடங்கின. அவள் கியரைப் போட்டாள்.

“பிலோமி! போகாதே!”

அது என் குரல்தானா? அங்கே நின்ற எல்லோரும் திரும்பினார்கள். தூரத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பினார். அவர் நிச்சயம் கடைசி பெஞ்சு.

அவள் எஞ்சினை அணைத்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

“சொல்லுங்க.”

சொன்னேன். துண்டைக் காட்டிச் சொன்னேன். இறுகல், பக்கச் சுவர், சூடு, பிரேக், ஆறு வருடம். வரிசை மாறிப்போயிற்று. இடையில் ஒரு முறை அழுகை வரப் பார்த்தது. அவள் குறுக்கே பேசவில்லை.

“இம்புட்டும் ஒங்களுக்கு எப்ப இருந்து தெரியும்?”

“மூணாந்தேதியில இருந்து.”

“அப்புறம் ஏன் வாயத் தொறக்கல?”

“நீ கேக்கமாட்டேன்னு நெனச்சேன்.”

“சொன்னீகளா?”

“இல்ல.”

“சொல்லாத விசயத்த நான் எப்படிங்க கேக்காம இருக்க முடியும்?”

இறங்கிவிட்டாள். அவ்வளவுதான். இறங்கிவிட்டாள்! நான் இத்தனை நாள் பயந்தது இந்த ஒரு காரியத்துக்கு.

மிக்கேலால்தான் தாங்க முடியவில்லை. “ஏன்க்கா, என் கடைச் சரக்கு மேல நம்பிக்கை இல்லையா? மச்சான் பேச்சைக் கேட்டா இறங்குன? நான் ஓட்டிக் காட்டுறேன், இங்கனயே நின்னு பாரு.”

“ஏலே, வேணாம்டா.”

“சும்மா இரு அக்கா.”

“வேண்டாம் மிக்கேல்” என்று நானும் சொன்னேன். என் குரல் மறுபடி இரண்டாம் பெஞ்சுக்குப் போயிருந்தது. ஓவியா கையைக் காட்டிக்கொண்டே ஓடி வந்தாள். அதற்குள் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

முதல் சுற்று ஓடியது. எங்களைத் தாண்டும்போது கையசைத்தான். இரண்டாம் சுற்றின் முதல் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியிருக்கிறான். முன் சக்கரங்கள் திரும்பியதை நானே பார்த்தேன். கார் மட்டும் நேராகப் போயிற்று. டயர்ச் சுவரில் போய் மோதியது. சத்தம் பெரிதாக இல்லை. அந்தச் சுவரில் இருந்தவை நல்ல மென்மையான டயர்கள்.

உதட்டில் வெட்டு, இடது மணிக்கட்டில் சுளுக்கு. காரின் முன்பக்கம் உள்ளே போயிருக்கிறது. மிக்கேல் தன் காலால் இறங்கி நடந்து வந்தான். முதல் வார்த்தையாக, “ரோடு சரியில்ல” என்றான்.

பிலோமினா பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள். ரப்பர் துண்டு இன்னும் அதில்தான் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

24 பிப்ரவரி, திங்கள். அல்லிநகரம்.

கார் கோயம்புத்தூரில் பட்டறையில். நாங்கள் பேருந்தில் வந்தோம். ஓட்டுநருக்கு முன்னால் ஒரு வாழைத்தார் லாரி. பிலோமினா அதைப் பார்த்துச் சிரித்தாள்.

2 மார்ச், ஞாயிறு

கோவில் வாசலில் மிக்கேலைச் சுற்றிக் கூட்டம். மணிக்கட்டுக் கட்டோடு நின்றிருந்தான். என் காதில் விழுந்தவரை கதை இப்படி: மிக்கேல் கோயம்புத்தூர் ரேசில் கலந்துகொண்டான். முதலில் வந்துகொண்டிருந்தான். அவன் வேகத்துக்குத் தடம் போதவில்லை.

“மிக்கேல் அண்ணே அந்த வளைவுல நேராப் போனாகளாம்ல!” என்று ஒருவர் வியந்துகொண்டிருந்தார். உண்மைதான். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

3 மார்ச், திங்கள்

மிக்கேல் கடையில் புதுப் போர்டு வைத்திருக்கிறானாம், பாயும் சிறுத்தை படத்தோடு: ‘ரேஸ் தடத்தில் சோதிக்கப்பட்டது.’ சோதிக்கப்பட்டது என்பதை யாரும் மறுக்க முடியாது. முடிவு என்ன என்றுதான் எழுதவில்லை.

கூடலூர்க்காரர் ஒருவர், மதுரையில் வேலை பார்க்கும் மகளின் காருக்கு அந்த டயரையே கேட்டு வைத்திருக்கிறாராம். அந்தப் பெண் தினமும் நான்குவழிச் சாலையில் போகிறவள்.

இதைச் சொன்னது பிலோமினா. சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“என்ன பாக்குறீக? கெளம்புங்க. நீங்க சொல்லுங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்.”

4 மார்ச், செவ்வாய்

பேருந்தில் கம்பம் போனோம். கூடலூர்க்காரர் கடையில்தான் இருந்தார். சொன்னேன். நடுவில் குரல் இரண்டாம் பெஞ்சுக்கு இறங்கிவிட்டது. பிலோமினா பின்னாலிருந்து, “சத்தமாச் சொல்லுங்க, அவுகளுக்குக் கேக்கல” என்றாள். சத்தமாகச் சொன்னேன். பிடிக்கிற டயர் தேயும் என்றேன். அவர் டயரின் ஓரத்தில் நான்கு இலக்கத்தைத் தேடிப் படித்தார். மகளின் வயதை நினைத்தாரோ என்னவோ, டயரை மெதுவாகச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார்.

மிக்கேலுக்கு முகம் சிவந்துவிட்டது. “என் கடையில வந்து என் யாவாரத்தக் கெடுக்கிறீகளே மச்சான். சொந்தக்காரவுக செய்யிற வேலையா இது?”

“சொந்தக்காரவுகதான் செய்யணும்” என்றாள் பிலோமினா. “அந்த வண்டியில நான் இருந்திருந்தா?”

மிக்கேல் கட்டுப்போட்ட கையைத் தடவிக்கொண்டான். பழைய சரக்கை எஸ்டேட் ஜீப்புக்கு மட்டும்தான் தருவதாகக் கடைசியில் ஒப்புக்கொண்டான். போர்டு?

“நாளைக்குச் சாம்பல் புதன்ல. தவக்காலத்துக்குன்னு வச்சு அதயும் கழட்டிடறேன். ஈஸ்டருக்கு அப்புறம் பாப்போம்.”

தவக்காலத்துக்கு மற்றவர்கள் கறியை விடுவார்கள்.

15 மார்ச், சனி

கார் பட்டறையிலிருந்து வந்துவிட்டது. புது டயர்கள், தேனிக் கடையில் வாங்கியவை. மிக்கேலே கூட வந்து தேர்ந்தெடுத்தான். தட்டிப் பார்த்துவிட்டு, “மெத்து மெத்துனு இருக்கு. இதெல்லாம் டயரா?” என்று முகம் சுளித்தான். ஏப்ரலில் மறுபடி போகப் பிலோமினா பெயர் பதிந்துவிட்டாள். இரண்டாவது ஆளின் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறாள்.

இன்று காலை தேனி நேரு சிலைப் பக்கம் போனோம். சிக்னல் வேலை செய்யவில்லை. நாலு பக்கமும் வண்டிகள். வலது பக்கத்தைப் பேருந்து ஒன்று மறைத்திருந்தது. இத்தனை வருடத்தில் இப்படிப்பட்ட இடங்களில் நான் கண்ணை மூடிக்கொள்வேன், அவள் ஹாரனை அழுத்திக்கொண்டு நுழைவாள். இன்று காரை நிறுத்தினாள்.

“எனக்குத் தெரியல. அங்கன வண்டி வருதான்னு பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னதும் திருப்புறேன்.”

கழுத்தை நீட்டிப் பார்த்தேன். சந்தேகம் வந்து மறுபடி பார்த்தேன். பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார், பிறகு எல்லோரும் அடித்தார்கள். ஒருவர் தலையை வெளியே நீட்டி ஏதோ சொன்னார். பிலோமினா ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, காத்திருந்தாள்.

“வரல. போ” என்றேன்.

போனாள்.

கேட்கமாட்டாள் என்ற ஆறாவது குறிப்பு தவறு.